நீர்வேட்கையும் மூளையும்

வேட்கை என்னுஞ் சொல்லுக்கு விருப்பம் என்பது பொருள். நம் முன்னோர் தாகத்தை நீர்வேட்கை என்றனர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து குடியேறிய நம் வீடுகளிலே முதியோர் இன்றும் 'தண்ணீர் விடாய்' என்றே சொல்வர். தாகம் உடலின் எப்பகுதியில் எழுகின்றது என்று ஒரு மாணவனை வினவினால் அவன் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டுவான். அறிவியலாரும் நெடுங்காலம் தொண்டையையே காட்டினர். ஆயின், அதனை ஒருவகை வேட்கை என்று வழங்கிய தமிழ் வழக்கே உண்மைக்கு அணித்தாயிருக்கின்றது. தாகம் பிறக்குமிடம் மூளை. அங்கு அதனைப் பிறப்பிப்பனவும் அடக்குவனவும் சில இரசாயனப் பொருள்களும் அவற்றை உணரும் நரம்புக்கலங்களுமாகும்.

இதனை ஆராய்வது வெறும் ஏட்டறிவின் பொருட்டன்று. இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருட் பலர் அறுபதையும் எழுபதையுங் கடந்தவர்; ஏனையோரின் வீடுகளில் அவ்வயதினரான பெற்றோர் உளர். வயது ஏற ஏறத் தாகம் குன்றுகின்றது. உடலின் நீர்த்தேவையோ குன்றுவதில்லை. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியில் நோயும் சில வேளைகளில் மரணமும் நுழைகின்றன. அவ்விடைவெளி எவ்வாறு தோன்றுகின்றது என்பதை விளங்கிக்கொள்ள, தாகத்தின் வரலாற்றைச் சிறிது பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

அமெரிக்க உடற்றொழிலியலாளர் வால்ட்டர் கனன் என்பார் 1918ஆம் ஆண்டிலே இலண்டன் அரச கழகத்தில் ஆற்றிய பேருரையில், உமிழ்நீர் குறைந்து வாயுந் தொண்டையும் வறள்வதே தாகம் என நிலைநாட்ட முயன்றார். எவர்க்கும் எளிதில் உடன்பாடாகத்தக்க கொள்கை இது. ஆனால் இதற்கு மாறான சான்று அவருக்கு முன்னரே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிரான்சு நாட்டு அறிஞர் கிளோட் பேணார், குடித்த நீர் இரைப்பையினின்று வெளியே வழிந்துவிடுமாறு துளையிடப்பட்ட நாயொன்று களைக்கும்வரை குடித்துக்கொண்டேயிருந்தமையைக் கண்டார். அதன் வாயும் தொண்டையும் நன்றாக நனைந்தன, தாகமோ தீரவில்லை. தொண்டை நனைந்தால் தாகம் சிறிது நேரம் தணியும் என்பது மெய். அது ஏன் என்பதைப் பின்னர்க் காண்போம்.

தாகத்தின் மெய்யான காரணம் குருதியின் உப்புச் செறிவிலே கண்டுபிடிக்கப்பட்டது. இதனை நம் அடுக்களையிலேயே விளக்கலாம். பாகற்காயை அரிந்து உப்பைத் தூவிச் சிறிது நேரம் வைத்தால், அது நீர் விட்டுச் சுருங்குகின்றது. காயின் கலங்களுக்கு வெளியே உப்பு மிகுந்தமையால் உள்ளிருந்த நீர் வெளியே இழுக்கப்படுகின்றது. இதுவே பிரசாரணம் எனப்படும். கருவாட்டுக் குழம்பை உண்ட பின் நம் உடலிலும் இதுவே நிகழ்கின்றது. குருதியில் உப்பு ஏற, கலங்கள் நீரை இழந்து சிறுக்கின்றன. 1937ஆம் ஆண்டில் அல்பிரட் கில்மன் என்பவர் நாய்களின் குருதியில் உப்புக் கரைசலையும் யூரியாக் கரைசலையும் தனித்தனியே செலுத்திப் பார்த்தார். இரண்டுங் குருதியின் செறிவை உயர்த்துவனவே. ஆனால் உப்பேற்றிய நாய்களே மிகுதியாக நீர் குடித்தன. யூரியா கலங்களுக்குள் எளிதிற் புகுந்துவிடுவதால் அவற்றின் நீரை இழுப்பதில்லை. உப்பு வெளியே நின்று இழுக்கின்றது. எனவே குருதி செறிவதைக் காட்டிலும் கலம் சுருங்குவதே தாகத்தின் தூண்டல் என்பது தெளிவாயிற்று. எளிமையும் கூர்மையும் ஒருங்கே அமைந்த இப்பரிசோதனையை மாணவர் உள்ளத்திற் பதித்துக்கொள்ளல் நன்று.

அவ்வாறாயின், உடலில் எக்கலத்தின் சுருக்கம் தாகமாகின்றது? ஏர்ணெஸ்ட் வேர்ணி என்னும் ஆங்கிலேயர், மூளைக்குச் செல்லும் கழுத்து நாடியிலே சிறிதளவு உப்புநீரைச் செலுத்தியபோது நாயின் சிறுநீர் குறைந்தமையைக் கண்டு, மூளையிலே பிரசாரண வாங்கிகள் உள என்று 1947இல் வெளியிட்டார். பின்னர் 1950களின் தொடக்கத்திலே சுவீடன் நாட்டவரான பெங்ற் அண்டர்சன், ஆடுகளின் மூளையடியிலுள்ள பரிவகக்கீழ் என்னும் பகுதியில் மிகச் சிறு துளி உப்புக்கரைசலைச் செலுத்தினார். நீர் வேண்டாதிருந்த ஆடு உடனே நீரைத் தேடிப் பெருமளவிற் குடித்தது. மின்னாலே அப்பகுதியைத் தூண்டியபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. தூண்டுதல் நின்றதும் குடித்தலும் நின்றது. இந்தியரான பி. கே. ஆனந்த், 1951இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலே யோன் புரோபெக்குடன் சேர்ந்து இதே பரிவகக்கீழில் பசியை ஆளும் பகுதியொன்றைக் கண்டறிந்தவர். தாயகம் மீண்டு, புதுடில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிலையத்தின் உடற்றொழிலியல் துறையைக் கட்டியெழுப்பிய பெருமை அவருக்குண்டு. பசியுந் தாகமும் அயலயலே வீற்றிருக்கின்றன என்பது இத்தகைய ஆராய்ச்சிகளால் உறுதியாயிற்று.

மூளையின் குருதிக் குழாய்கள் ஏனைய உறுப்புகளின் குழாய்களைப் போன்றவையல்ல. குருதியிலுள்ள பல பொருள்கள் மூளைக்குட் புகாதவாறு அவை தடுத்து நிற்கின்றன. ஆயினும் மூளையின் நடுவே, மூன்றாம் அறையின் சுவரையொட்டி, அத்தடையில்லாத சிறு இடங்கள் சில உண்டு. சப்போர்னிக்கல் உறுப்பு என்பது அவற்றுள் ஒன்று. குருதியின் செறிவை நேரடியாகச் சுவைத்து அறியும் நரம்புக்கலங்கள் இங்கேயே உள்ளன. வீட்டுக்குள் இருப்போர் வெளிநிலையை அறியச் சாளரம் வைத்தாற்போல இயற்கை இவ்விடங்களை அமைத்திருக்கின்றது. 2015ஆம் ஆண்டில் யூக்கி ஓக்கா முதலிய ஆராய்ச்சியாளர், சுண்டெலிகளின் இவ்வுறுப்பிலுள்ள ஒருவகைக் கலங்களை ஒளியினாலே தூண்டினர். நீர் நிறைய அருந்தியிருந்த சுண்டெலிகளும் சில விநாடிகளில் நீரை நாடி ஆவலுடன் குடித்தன. அவ்வுறுப்பிலேயே உள்ள வேறொருவகைக் கலங்களைத் தூண்டியபோது, தாகித்திருந்த சுண்டெலிகளும் குடிப்பதை நிறுத்தின. ஆகவே, தாகத்தை எழுப்பும் கலங்களும் அடக்கும் கலங்களும் ஓரிடத்தே உறைகின்றன.

இனி இரசாயனத்துக்கு வருவோம். குருதியின் செறிவு நூற்றுக்கு 1 அல்லது 2 பங்கு உயர்ந்தாலே மூளை அதனை அறிந்துவிடும். அறிந்ததும் அது முதலிற் செய்வது தாகத்தை எழுப்புவதன்று. பரிவகக்கீழில் உண்டாகிக் கபச்சுரப்பியின் பின்பகுதியிலிருந்து வெளிப்படும் வசோபிரசின் என்னும் ஓமோனைக் குருதியில் விடுகின்றது. ஒன்பது அமினோ அமிலங்களாலாகிய சிறு பொருள் இது. இவ்வினத்து ஓமோன்களை ஆராய்ந்து, அவற்றுள் ஒன்றை முதன்முதல் ஆய்வுகூடத்திலே தொகுத்த வின்சன்ட் டு விக்னோவுக்கு 1955இல் நோபெல் பரிசு கிடைத்தது. வசோபிரசின் சிறுநீரகத்தை அடைந்து, வீணே வெளியேறவிருந்த நீரை மீளக் குருதிக்குள் இழுக்கச் செய்கின்றது. இரவு முழுவதும் நீரருந்தாத நாம் விடியலிற் கழிக்கும் சிறுநீர் கடும் மஞ்சளாயிருப்பது இதனாலேயே. இவ்வோமோன் அறவே இல்லாதவர் நாளொன்றுக்குப் பத்து லீற்றருக்கு மேலுஞ் சிறுநீர் கழித்து, அதற்கீடாக இரவும் பகலும் நீரருந்த நேரும். முதலிற் சிக்கனம், அது போதாதவிடத்தே தாகம் என்பதே மூளையின் ஒழுங்கு. இல்லத்தரசியர் அரிசிப்பெட்டியை ஆளும் முறையும் இதுதானே! ஆகவே, நமக்குத் தாகம் தோன்றும் வேளையிற் சிறுநீரகம் ஏற்கெனவே நெடுநேரம் உழைத்திருக்கின்றது.

உப்புச் செறிவு உயராமலே தாகம் எழுவதும் உண்டு. குருதி சிந்தியபோதும், வாந்தியும் வயிற்றோட்டமும் கண்டபோதும், நீரும் உப்பும் ஒருங்கே வெளியேறுகின்றன; செறிவு பெரிதும் மாறுவதில்லை, அளவே குறைகின்றது. இவ்வேளையிற் சிறுநீரகம் இறெனின் என்னும் பொருளைச் சுரக்க, அதன் செயலால் அஞ்சியோரென்சின் என்னும் பொருள் குருதியிலே தோன்றுகின்றது. அது மேற்சொன்ன தடையற்ற இடங்களில் மூளையைத் தொட்டுத் தாகத்தை எழுப்புகின்றது. 1970இல் எப்ஸ்ரைன், பிற்சிமன்ஸ் என்போரும் அவர்தம் துணைவரும் இப்பொருளை எலிகளின் மூளையில் மிகமிகச் சிற்றளவிற் செலுத்த, நீர்க்குறைவில்லாத எலிகளும் குடிக்கத் தொடங்கின. ஆனால் இவ்வழி சற்று மந்தமானது. செறிவிலே நூற்றுக்கு இரண்டு மாறினால் விழித்துக்கொள்ளும் மூளை, குருதியின் அளவு நூற்றுக்குப் பத்தளவு குறையும்வரை பெரிதாகத் தாகங் கொள்வதில்லை.

இங்கே வீட்டார் அறிந்திருக்க வேண்டிய நுட்பமொன்று உண்டு. உப்பையும் நீரையும் ஒருங்கே இழந்தவர் வெறுநீரை மட்டும் அருந்தினால் குருதி விரைவில் நீர்த்துவிடுகின்றது. செறிவை அளக்கும் மூளை, குறை தீர்ந்ததென்று கருதித் தாகத்தை நிறுத்திவிடுகின்றது. சிறுநீரகமும் அந்நீரை வெளியேற்றத் தொடங்குகின்றது. இழந்த அளவோ நிரம்பவில்லை. வயிற்றோட்டங் கண்ட குழந்தைக்கு உப்பும் குளுக்கோசும் அளவாய்க் கலந்த நீரைக் கொடுப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. குடலிலே உப்பும் குளுக்கோசும் சேர்ந்து நீரை உள்ளிழுப்பது மற்றைய காரணம். 1971இல் வங்காள அகதிகளிடையே வாந்திபேதி பரவியபோது, மருத்துவர் திலீப் மகலனாபிசு வனகாவ் முகாமில் இக்கரைசலை வாய்வழி கொடுத்து எண்ணற்றோரை உயிர்பிழைக்கச் செய்தார். நம் மருந்துக்கடைகளில் 'ஜீவனி' என்னும் பெயரிற் கிடைப்பது இத்தகையதே. ஆடிவேல் விழாவிலே செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் தேரோடு நடந்து வியர்த்த அடியார்க்கு, தாகசாந்திப் பந்தலில் உப்பிட்ட மோர் வார்ப்பதும் இவ்வாராய்ச்சியோடு பொருந்துகின்றது. சர்க்கரைத் தண்ணீரைக் காட்டிலும் மோரே சிறந்ததென்பது நம் துணிபு. சிறுவர் இதற்கு உடன்படார்.

அம்மோரை அருந்திய அடியாரின் தாகம் எத்துணை விரைவில் தணிகின்றது என்பதை நோக்குக. இரண்டு மிடறு உள்ளே சென்றதும் முகம் மலர்கின்றது. குடித்த நீர் குடலில் ஊறிக் குருதியைச் சேர்ந்து அதன் செறிவைக் குறைக்கப் பத்து நிமிடமேனுஞ் செல்லும். அவ்வாறிருக்க, தாகம் ஒரு நிமிடத்திலே தணிவது எங்ஙனம்? 2016ஆம் ஆண்டிற் கலிபோர்ணியாவிலே சக்கரி நைற் என்பாரின் ஆய்வுகூடத்தினர், சுண்டெலி குடிக்கும்போதே அதன் தாகக் கலங்களின் தொழிற்பாட்டைப் பதிவுசெய்தனர். நீர் நாவிற் பட்ட சிறிது நேரத்திலேயே, குருதியில் எம்மாற்றமும் நிகழுமுன்னரே, அக்கலங்கள் அடங்கின. வாயிற் குளிர்ச்சி பட்டாலும் அவை ஓரளவு அடங்கின. வாயுந் தொண்டையும் விழுங்கிய அளவை மூளைக்கு அறிவிக்க, மூளை வரவிருக்கும் நீரை வந்ததாகவே கணக்கிற் பதிகின்றது. குடித்தது உப்புநீராயின், குடலிலிருந்து வரும் இரண்டாம் அறிவித்தல் அக்கணக்கைத் திருத்திக் கலங்களை மீண்டும் எழுப்புகின்றது. கனன் கண்ட தொண்டை முற்றும் பொய்யன்று. அது தாகத்தின் பிறப்பிடமன்று, முற்பணங் கொடுக்கும் இடம்.

முற்பணத்தை முழுப்பணமாய் எண்ணுவதில் மனிதருக்கு ஒரு குறை நேர்கின்றது. நாய் தான் இழந்த நீரைச் சில நிமிடங்களிலே ஏறக்குறைய முழுவதுங் குடித்துவிடும். மனிதன் அங்ஙனமல்லன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தே எட்வேட் அடொல்ப் என்பார் அமெரிக்கப் பாலைநிலங்களிற் போர்வீரரை ஆராய்ந்தபோது, நீர் தாராளமாய்க் கிடைத்தும் அவர்கள் இழந்ததை முழுமையாய் ஈடுசெய்யாது நின்றுவிட்டமையைக் கண்டார். உணவு உண்ணும் வேளையிலேயே அக்குறை பெரும்பாலும் நிரம்பிற்று.

இது நமது நாட்டிலே பெருந்துயரொன்றோடு தொடர்புறுகின்றது. அநுராதபுர மாவட்டத்து மதவாச்சி, பதவியா முதலிய ஊர்களில், நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாத உழவரிடையே சிறுநீரகம் சிறுகச் சிறுகச் செயலிழக்கும் நோய் 1990களில் அறியப்பட்டது. நிலத்தடி நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், உலோகங்கள் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன; முடிந்த முடிபு எட்டப்படவில்லை. அவற்றோடு ஆராயப்படுவது, கொதிக்கும் வெயிலில் வயலில் உழைத்து நாள்தோறும் நீர்வற்றலுக்குள்ளாதல். மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடையேயும் இதனையொத்த நோய் உண்டு. அங்கே வெப்பமும் நீர்வற்றலும் முதன்மையாகக் கருதப்படுகின்றன. நீர் வற்றும்போதெல்லாம் வசோபிரசின் பெருகிச் சிறுநீரகத்தை இடைவிடாது வேலை வாங்குகின்றது. விலங்குகளிற் செய்த ஆராய்ச்சிகள் இந்நிலை திரும்பத் திரும்ப நேரிற் சிறுநீரகம் பழுதுறும் என்று காட்டுகின்றன. இதுவொன்றே காரணம் என்று கூறுவது அவசரமாகும். ஆயினும் கிணற்றுநீர் நாவுக்கு உவப்பற்றதாயிருக்குமிடத்து, தாகமிருந்தும் மனிதன் குறைவாகவே அருந்துவான் என்பதை மறுப்பாரிலர். நல்ல சுவையுள்ள குளிர்ந்த நீர் வயலருகே இருத்தல் வேண்டும் என்பதற்கு இறுதி முடிபை எதிர்பார்த்திருக்கத் தேவையில்லை.

மட்டுமீறி அருந்துதலும் தீதே. 2002ஆம் ஆண்டு பொஸ்ரன் நெடுந்தூர ஓட்டத்தில் ஓடி முடித்தவருள் 488 பேரின் குருதியைச் சோதித்தபோது, நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் இயல்பிற் குறைந்திருந்தது. ஓடும்போது உடல் எடை கூடுமளவு நீரருந்தியமை இதற்கு முதன்மைக் காரணமாகும். சோடியம் மிகக் குறைந்தால் மூளை வீங்கி உயிருக்கே இடர் விளையும். நாள்தோறும் எட்டுக் குவளை நீர் யாவரும் அருந்தியே ஆகவேண்டும் என்று பலகாலம் சொல்லப்பட்டு வந்ததற்கும் உறுதியான ஆதாரமில்லை. அடங்காத தாகம் நோயின் குறியாயிருத்தலும் உண்டு. குருதியில் வெல்லம் மிகும்போது அது நீரை இழுத்துக்கொண்டு சிறுநீராய் வெளியேற, தாகம் பெருகும். நீரிழிவு, சலரோகம் என்னும் நம் சொற்கள் இரண்டும் நீரையே சுட்டுகின்றன. கொழும்பிலே இந்நோய் மலிந்திருத்தலால், காரணமின்றித் தாகம் மிகுந்தவர் குருதியைச் சோதிப்பித்தல் கடன்.

இனி முதியோரைப் பற்றி. 1984இல் வெளிவந்த பிலிப்ஸ் முதலியோரின் ஆராய்ச்சி சிறியதாயினும் புகழ்பெற்றது. 67 முதல் 75 வயது வரையான நலமுள்ள ஆடவர் எழுவரும், 20 முதல் 31 வயது வரையான இளைஞர் எழுவரும் 24 மணி நேரம் நீரருந்தாதிருந்தனர். முதியோரின் குருதியிலேயே செறிவு மிகுதியாய் உயர்ந்தது. எனினும் தாகமென்றும் வாய் வறண்டதென்றும் சொன்னோர் இளைஞரே. நீரைத் தடையின்றி வைத்தபோது முதியோர் குறைவாகவே அருந்தினர், அவர்தம் குருதியும் பழைய நிலைக்கு மீளவில்லை. அவர்கள் நோயாளரல்லர் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். முதுமையில் உடலின் நீர்ச்சேமிப்பே குறைவு. இளைஞரின் எடையில் நூற்றுக்கு 60 அளவு நீராயிருக்க, முதியோரில் அது 50 அளவுக்கு இறங்கிவிடுகின்றது. சிறுநீரைச் செறிவாக்கும் ஆற்றலும் தளர்கின்றது. சேமிப்புக் குறைந்து, சிக்கனந் தளர்ந்து, தாகமும் ஓய்ந்துவிடின் உடல் யாரிடம் முறையிடும்?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடிகளின் மேல்மாடங்களிலே பிள்ளைகளைக் கடல்கடந்து அனுப்பிவிட்டுத் தனித்து வாழும் முதியோர் பலர். பங்குனி சித்திரை மாதங்களிற் கொழும்பின் புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாது வழிந்தோடுகின்றது. உடலுங் குளிர்வதில்லை, நீரும் வீணாகின்றது. இவர்களுட் பலர் தாகமின்மையோடு வேறு காரணத்தாலும் நீரைத் தவிர்ப்பர். முழங்கால் நோவோடு இரவில் மலசலகூடத்துக்கு எழுந்து செல்ல அஞ்சி, மாலைக்குப் பின் ஒரு மிடறும் அருந்தாதோரை நாம் அறிவோம். இதனை அவர்கள் பிள்ளைகளிடங்கூடச் சொல்வதில்லை. சிறுநீரைப் பெருக்கும் குளிசை உட்கொள்வோரும், கந்தசட்டி முதலிய நாள்களில் உபவாசம் இருப்போரும் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். நீர் குன்றிய முதியவர் தண்ணீர் கேட்பதில்லை. அவர் சோர்ந்து படுக்கின்றார், பேச்சுத் தடுமாறுகின்றது, நாள் கிழமை மறக்கின்றார், எழுந்தால் தலை சுற்றி விழுகின்றார். வீட்டார் இதனை வயதின் கோலமென்று விட்டுவிடுகின்றனர். நாவின் வறட்சியையும் சிறுநீரின் நிறத்தையும் நோக்கினாற் சில நேரங்களில் உண்மை புலப்படும்.

இவர்களிடம் 'தண்ணீர் வேண்டுமா?' என்று வினவுவதாற் பயன் சிறிது. வேண்டாமென்றே விடை வரும், அவ்விடை பொய்யுமன்று. கேளாமலே கொடுத்தல் வேண்டும். காலைக் குளிசையோடு ஒரு குவளை, பூசை முடிந்ததும் ஒன்று, உணவோடு இரசமோ மோரோ, பிற்பகலிற் தேநீர் எனப் பகற்பொழுதிலேயே பெரும்பங்கை முடித்துவிட்டால் இரவு எழும் அச்சமுங் குறையும். தேநீரும் கஞ்சியும் பழமும் நீர்க்கணக்கிற் சேர்வனவே. தொலைபேசியில் அழைக்கும் பிள்ளைகள் உணவைப் பற்றி விசாரிப்பதோடு, இன்று எத்தனை குவளை அருந்தினீர்கள் என்றும் விசாரிக்கலாம். இருதயம் தளர்ந்தவர்க்கும் சிறுநீரக நோயாளர்க்கும் இவ்வறிவுரை அப்படியே பொருந்தாது. அவர்க்குரிய அளவை மருத்துவரே வரையறுத்தல் வேண்டும். சிறுநீரகம் பழுதுற்றோர்க்குச் செவ்விளநீரும் ஆகாது. அதிலுள்ள பொற்றாசியம் குருதியிலே தங்கி இருதயத்தைத் தாக்கக்கூடும். அத்தகையோர் வீட்டிலே அந்நாளுக்குரிய நீரைக் காலையிலேயே ஒரு போத்தலில் அளந்து வைத்துவிட்டால், குறைவும் மிகுதியும் மாலையில் ஒரே பார்வையிற் தெரிந்துவிடும்.